மூச்சுக்குத் துணை: கடும் நியூமோனியாவில் குழாய் இடாது தரும் சிகிச்சைகள்



2023ஆம் ஆண்டு தை மாதம் எமது மாமியார் நியூமோனியா கண்டு இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் இருந்தார். ஒருநாள் மாலை 6 மணிக்கு அவருக்கு "ஹை புளோ" என்னும் ஒட்சிசன் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். இரவு 8 மணிக்குத் திரையிலே 92 என்ற எண் நின்றது. நள்ளிரவிலும் அதே 92. கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. திரையில் தெரிந்தவற்றையெல்லாம் ஒரு கடித உறையின் பின்புறத்தில் நேரத்தோடு குறித்து வைத்திருந்தோம். துணைவியாரிடம், "ஒரு மாற்றமும் இல்லை, பயப்படாதையும்" என்றோம்.

அரை மணி நேரத்தில் டொக்டர் வந்தார். தொண்டையில் குழாய் இட்டு வென்ரிலேற்றரில் போடவேண்டும் என்றார். "நாலு மணித்தியாலமாக 92இலேயே நிற்கிறது, விடியும்வரை பார்ப்போம்" என்று நாம் வாதாடினோம். துணைவியார் அழுதபடி, "அம்மாவை மெசினில போட்டால் திரும்பி வரமாட்டா" என்றார்.

எங்கள் வாதம் பிழையானது. அது ஏன் பிழை என்பதைப் பின்னர் பொறுமையாகப் படித்து அறிந்துகொண்டோம். எமது கோயிற் குடும்பங்களில் இன்னொருவர் அந்தப் பிழையை விடக்கூடாது என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம். நாம் வைத்தியர் அல்லர். இங்கு கூறுவன பொது அறிவுக்கானவை. ஒருவருக்கு எந்தச் சிகிச்சை ஏற்றது என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல முடியும்.

1. நியூமோனியாவில் என்ன நடக்கிறது?

நுரையீரலிலே காற்று போய்ச் சேரும் இடம் சிற்றறைகள் ஆகும். கோடிக்கணக்கான இச்சிற்றறைகளின் மெல்லிய சுவரைச் சுற்றிக் குருதி ஓடுகின்றது. உட்செல்லும் காற்றிலிருந்து ஒட்சிசன் குருதிக்குள் ஏற, குருதியிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கொடுக்கும் கொடுக்கல் வாங்கல் இது.

பக்டீரியாவோ வைரசோ நுரையீரலில் தொற்றும்போது சிற்றறைகளிற் பல நீராலும் சளியாலும் நிரம்புகின்றன, சில சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடங்களைச் சுற்றி ஓடும் குருதி ஒட்சிசனைப் பெறாமலே திரும்பிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பக்டீரியாவைக் கொல்லும். ஆனால் நிரம்பிய சிற்றறைகள் வெளிப்பதற்கு நாட்கள் செல்லும். அந்த நாட்களைக் கடக்க உதவுவதே மூச்சுத் துணை. ஒட்சிசனோ இயந்திரமோ நியூமோனியாவை மாற்றுவதில்லை. மருந்தும் உடலும் தம் வேலையைச் செய்து முடிக்கும்வரை அவை ஆளைத் தாங்கி நிற்கின்றன.

இதில் இரண்டு ஆபத்துக்கள் உள்ளன. ஒன்று, குருதியில் ஒட்சிசன் குறைவது. மற்றையது, மூச்சு இழுக்கும் தசைகள் களைத்துப் போவது. முதலாவதைத் திரையில் உள்ள எண் காட்டும். இரண்டாவதை நோயாளியைப் பார்த்தே அறியவேண்டும்.

2. நான்கு முறைகள்

முதலாவது முறை: சாதாரண ஒட்சிசன்

மூக்கில் செருகும் மெல்லிய குழாய், முகமூடி, பை கட்டிய முகமூடி என இதில் பல வகையுண்டு. பிரித்தானிய வைத்தியசாலைகளில் முகமூடியோடு நிறம் நிறமான சிறு துண்டுகளைப் பொருத்துவதைக் கண்டிருப்பீர்கள். நீலம் 24 வீதம், வெள்ளை 28, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60 வீத ஒட்சிசனைத் தருவன. சாதாரண காற்றில் இருப்பது 21 வீதம்.

சாதாரண முகமூடிக்கு ஓர் எல்லை உண்டு. அதை ஒரு சிறு கணக்கினாற் காட்டலாம். முகமூடியினுள் நிமிடத்துக்கு 10 லீற்றர் தூய ஒட்சிசன் வருகின்றது என்போம். நோயாளி மூச்சை உள்ளிழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 40 லீற்றர். மீதி 30 லீற்றரும் முகமூடியின் ஓரங்களால் நுழையும் அறைக்காற்று. அதில் ஒட்சிசன் 6.3 லீற்றர். ஆகவே 40 லீற்றரில் கிடைப்பது 16.3 லீற்றர், அதாவது ஏறத்தாழ 41 வீதம்.

நோய் கூடி, அவர் 60 லீற்றர் வேகத்தில் இழுக்கத் தொடங்கினால் என்னவாகும்? 10 லீற்றர் தூய ஒட்சிசன், 50 லீற்றர் அறைக்காற்றில் 10.5 லீற்றர், மொத்தம் 20.5. அது 34 வீதமே. முகமூடியும் அதேதான், திறந்துவிட்ட அளவும் அதேதான். ஆயினும் நோயாளி எவ்வளவு பாடுபட்டு இழுக்கின்றாரோ அவ்வளவுக்கு அவருடைய பங்கு குறைந்துகொண்டே போகின்றது. பை கட்டிய முகமூடி இக்குறையை ஓரளவு நீக்கும், முற்றாக நீக்காது.

இரண்டாவது முறை: ஹை புளோ

இது பெருவேக ஒட்சிசன் முறை. மூக்கில் செருகும் குழாய் சற்றுப் பருமனானது. நிமிடத்துக்கு 60 லீற்றர் வரை காற்றும் ஒட்சிசனும் கலந்து வரும். ஒட்சிசனை 21 வீதத்திலிருந்து 100 வீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். காற்றை ஏறத்தாழ 37 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புவதால் மூக்கு வரள்வதில்லை, சளியும் இறுகுவதில்லை. நோயாளி இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வருவதால் மேலே கூறிய பங்குக் குறைவு வெகுவாக நீங்குகின்றது.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வணிகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடை வாடகை கட்டியே ஆகவேண்டும் அல்லவா? மூச்சுக்கும் அப்படி ஒரு நிலையான செலவு இருக்கின்றது. வளர்ந்தவர் ஒருவர் அமைதியாக இழுக்கும் மூச்சு சுமார் 500 மில்லிலீற்றர். அதில் 150 மில்லிலீற்றர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களிலேயே நின்று பயனின்றித் திரும்பும். இது 30 வீதம். நோயாளி களைத்து 300 மில்லிலீற்றர்ச் சிறு மூச்சுக்களாக விடத் தொடங்கினால் அதே 150 மில்லிலீற்றர் 50 வீதமாகிவிடும். பாதி உழைப்பு வீண். ஹை புளோவின் வேகமான காற்று மூக்கிலும் தொண்டையிலும் தங்கிய பழைய காற்றைக் கழுவி அகற்றிப் புதுக்காற்றை நிரப்புவதால் இந்த வீண்செலவு குறைகின்றது. நோயாளி பேசலாம். வைத்தியர் அனுமதித்தால் தண்ணீர் குடிக்கலாம், சிறிது உண்ணலாம். பலரும் இதைப் பொறுத்துக்கொள்வர்.

மூன்றாவது முறை: சீபாப்

இறுக்கமான முகமூடியினூடாக, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே அளவான அமுக்கத்தை வைத்திருப்பது சீபாப். அமுக்கம் பொதுவாக 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீரளவு. பலூன் ஊதுபவருக்குத் தெரியும், முதல் ஊதல்தான் கடினம். சற்று விரிந்த பலூனை ஊதுவது இலகு. சீபாப்பும் ஒட்டிக்கொள்ளும் சிற்றறைகளை மூச்சின் முடிவிலும் சற்றே விரித்து வைத்திருக்கின்றது. அதனால் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய இடம் கூடும்.

இம்முறையின் கதை சுவையானது. 1936இல் லண்டனில் பூல்ற்றன் என்ற வைத்தியர், நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்குத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் காற்றைத் திருப்பி முகமூடியினூடாக அமுக்கமாகக் கொடுத்தார். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்பவர், உறக்கத்தில் மூச்சு நின்று போகும் நோய்க்கு இதே முறையைப் பயன்படுத்தி வெளியிட்டார். எமது உறவினர் பலர் குறட்டைக்காகக் கட்டிலருகே வைத்திருக்கும் இயந்திரம் அவ்வழியில் வந்ததுதான். 2020இல் கோவிட் பரவியபோது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பொறியியலாளரும் மெர்சிடிஸ் ஓட்டப்பந்தயக் கார்ப் பொறியியலாளரும் சேர்ந்து ஒரு சீபாப் கருவியை 100 மணித்தியாலத்துக்குள் உருவாக்கினர். பின்னர் இந்நாட்டு வைத்தியசாலைகளுக்காக 10,000 கருவிகள் செய்யப்பட்டன.

சீபாப்பின் குறை அதன் இறுக்கம். முகத்தில் புண் வரலாம். மூச்சு அடைப்பது போன்ற பயம் உண்டாகும். வயிற்றினுள் காற்றுச் சென்று வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எனவே முகமூடி கட்டியிருக்கும்போது உண்ண முடியாது. இத்தாலியில் இதற்குப் பதிலாகத் தலை முழுவதையும் மூடும் தெளிவான பிளாஸ்ரிக் கூண்டைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

நான்காவது முறை: பைபாப்

இதில் இரண்டு அமுக்கங்கள். மூச்சை விடும்போது குறைந்த அமுக்கம், இழுக்கும்போது கூடிய அமுக்கம். ஆகவே இது காற்றை உள்ளே தள்ளி, களைத்த தசைகளுக்குத் தோள்கொடுக்கும். புகைத்தலால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் குருதியில் காபனீரொட்சைட்டு ஏறிவிடும்போது இம்முறை உயிர்காப்பது. 1995இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், அத்தகைய 85 நோயாளரில் சாதாரண சிகிச்சை பெற்றோருள் 29 வீதத்தினரும், முகமூடித் துணை பெற்றோருள் 9 வீதத்தினரும் வைத்தியசாலையில் இறந்தனர்.

ஆனால் தனி நியூமோனியா வேறு. அங்கே நோயாளி ஏற்கனவே பலமாக இழுத்துக்கொண்டிருக்கின்றார். அதன்மேல் இயந்திரமும் தள்ளினால், நல்ல நிலையில் எஞ்சியுள்ள சிற்றறைகள் அளவுக்கு மீறி விரிந்து காயப்படலாம் என வைத்தியர்கள் அஞ்சுகின்றனர்.

3. எது சிறந்தது? ஆய்வுகள் கூறுவன

முதலாவது, 2015இல் வெளிவந்த பிரான்சு, பெல்ஜிய ஆய்வு. 310 நோயாளர், பெரும்பாலானோர் நியூமோனியா உடையோர். குழாய் இடவேண்டி வந்தோர் ஹை புளோவில் 38 வீதம், சாதாரண ஒட்சிசனில் 47, பைபாப் போன்ற முகமூடித் துணையில் 50. இவ்வேறுபாடு தற்செயலாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்பதே புள்ளிவிபரவியலின் தீர்ப்பு. ஆனால் 90 நாளில் இறந்தோர் முறையே 12, 23, 28 வீதம். இதன்பின் ஹை புளோ உலகெங்கும் பரவியது.

இரண்டாவது, 2022இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு. கோவிட் நியூமோனியாவுடன் வந்த 1273 பேர். 30 நாளுக்குள் குழாய் இடப்பட்டோ இறந்தோ போனவர்கள் சீபாப்பில் 36.3 வீதம், அதனோடு ஒப்பிட்ட சாதாரண ஒட்சிசனில் 44.4 வீதம். ஹை புளோவில் 44.3, அதனோடு ஒப்பிட்ட சாதாரண ஒட்சிசனில் 45.1. இங்கே சீபாப் முந்தியது. ஆனால் அந்த நன்மை பெரும்பாலும் குழாய் இடுவது குறைந்ததால் வந்தது. இறப்பில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

மூன்றாவது, 2021இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு. கோவிட் நோயாளர் 109 பேர். தலைக்கூண்டினூடாகத் துணை பெற்றோரில் 30 வீதத்தினருக்கும், ஹை புளோ பெற்றோரில் 51 வீதத்தினருக்கும் குழாய் தேவைப்பட்டது. ஆயினும் 28 நாட்களுள் மூச்சுத் துணையின்றி இருந்த நாட்கள் இரு பகுதியினருக்கும் பெரிதாக வேறுபடவில்லை.

நான்காவது, 2024 மார்கழியில் வெளிவந்த பிரேசில் ஆய்வு. 33 வைத்தியசாலைகள், ஏறத்தாழ 1800 நோயாளர். நோயெதிர்ப்புச் சக்தி குன்றாத, ஒட்சிசன் குறைந்த நோயாளரில், 7 நாளுக்குள் குழாய் இடப்பட்டோ இறந்தோ போனவர்கள் ஹை புளோவில் 32.5 வீதம், முகமூடித் துணையில் 33.1 வீதம். ஏறத்தாழச் சமம்.

ஒன்று ஹை புளோ என்கிறது, மற்றொன்று சீபாப் என்கிறது, இன்னொன்று இரண்டும் ஒன்றே என்கிறது. இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் இவை ஒரே பேரேட்டின் பதிவுகள் அல்ல. நோயாளர் வேறு, கருவி வேறு, காலம் வேறு. பிரான்சிய ஆய்வில் பயன்பட்டது இரண்டு அமுக்க முகமூடி, பிரித்தானிய ஆய்வில் ஒரே அமுக்கம், இத்தாலியில் கூண்டு. 2023இல் ஐரோப்பியத் தீவிர சிகிச்சை வைத்தியர் சங்கம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, குழாய் இடும் தேவையைக் குறைக்கச் சாதாரண ஒட்சிசனிலும் ஹை புளோவே மேல் எனப் பரிந்துரைத்தது. ஹை புளோவா, சீபாப் அல்லது பைபாப்பா என்ற கேள்விக்குப் பொதுவான தீர்ப்பு எதையும் அது வழங்கவில்லை. கோவிட் நியூமோனியாவில் மட்டும் குழாய் இடுவதைக் குறைக்கச் சீபாப்பையும் எண்ணிப் பார்க்கலாம் என்றது.

எனவே "ஏன் எங்கட அம்மாவுக்குச் சீபாப் தரேல்லை, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தந்தவை" என்று கேட்பதில் பயன் குறைவு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பழைய நுரையீரல் அடைப்பு நோயோ இருதய நோயோ இருக்கலாம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. "தந்த முறை வேலை செய்கிறதா? செய்யாவிட்டால் எத்தனை மணிக்கு அதை முடிவு செய்வீர்கள்?" என்பதே அது.

4. ஒரு நிரலை மட்டும் பார்த்த எங்கள் பிழை

இப்போது அந்தக் கடித உறைக்கு வருவோம். அதிலே நாம் குறித்திருந்தவை இவை:

இரவு 8 மணி: குருதியில் ஒட்சிசன் 92. இயந்திரம் தரும் ஒட்சிசன் 60 வீதம். மூச்சு நிமிடத்துக்கு 30.

நள்ளிரவு 12 மணி: குருதியில் ஒட்சிசன் 92. இயந்திரம் தரும் ஒட்சிசன் 80 வீதம். மூச்சு நிமிடத்துக்கு 36.

மூன்று நிரல்களையும் எழுதியிருந்தோம். பார்த்தது முதல் நிரலை மட்டுமே. ஒரு கடைக்காரர் வங்கி மீதி குறையவில்லை என்று மகிழ்ந்திருக்க, அந்த மீதியை நிறுத்த மாதாமாதம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அவரை நாம் என்ன சொல்வோம்? எமது மாமியாரின் 92 அப்படிப்பட்டது. 60 வீதத்தில் நின்றதை 80 வீதம் கொடுத்து, 30 மூச்சில் நின்றதை 36 மூச்சுப் பாடுபட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இம்மூன்று நிரலையும் ஓர் எண்ணாக்கும் வழியை பார்சிலோனாவைச் சேர்ந்த ஒரியோல் ரோக்கா என்பவரும் அவரது குழுவினரும் 2016இலும் 2019இலும் வெளியிட்டனர். அதற்கு ரொக்ஸ் சுட்டெண் என்று பெயர். குருதியின் ஒட்சிசன் வீதத்தை இயந்திரம் தரும் ஒட்சிசனின் பின்ன அளவால் வகுத்து, வந்ததை நிமிட மூச்சு எண்ணிக்கையால் மீண்டும் வகுக்கவேண்டும்.

8 மணிக்கு: 92 ஐ 0.6 ஆல் வகுக்க 153.3. அதை 30 ஆல் வகுக்க 5.11.

12 மணிக்கு: 92 ஐ 0.8 ஆல் வகுக்க 115. அதை 36 ஆல் வகுக்க 3.19.

ஹை புளோ தொடங்கி 2, 6, 12 மணித்தியாலங்களில் இவ்வெண் 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழாய் இல்லாமலே தப்பும் வாய்ப்பு அதிகம். 2 மணித்தியாலத்தில் 2.85, 6 மணித்தியாலத்தில் 3.47, 12 மணித்தியாலத்தில் 3.85 என்பவற்றுக்குக் கீழே இருந்தால் அம்முறை தோற்கும் ஆபத்து அதிகம். மாமியாருக்கு 2 மணித்தியாலத்தில் 5.11 நல்ல எண். 6 மணித்தியாலத்தில் 3.19 எல்லைக்குக் கீழே. நாம் "மாற்றம் இல்லை" என்று துணைவியாரைத் தேற்றிய நேரத்தில் அவர் விழுந்துகொண்டிருந்தார். டொக்டர் அதைக் கண்டார். இச்சுட்டெண் ஒன்றை வைத்து மட்டும் எவரும் முடிவெடுப்பதில்லை. கழுத்துத் தசைகள் இழுபடுவதையும், அவர் ஒரு வசனம் பேசி முடிக்க முடியாமல் இருந்ததையும், புத்தி தடுமாறத் தொடங்கியதையும் சேர்த்தே பார்த்தார்.

"விடியும்வரை பார்ப்போம்" என்பதன் விலை என்ன? 2015இல் வெளிவந்த ஒரு கொரிய ஆய்வு, ஹை புளோ தோற்றுக் குழாய் இடப்பட்ட 175 பேரின் பதிவுகளை நோக்கியது. 48 மணித்தியாலத்துக்குள் குழாய் இடப்பட்டோரில் 39 வீதத்தினரும், அதற்குப் பின் இடப்பட்டோரில் 67 வீதத்தினரும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறந்தனர். பழைய பதிவுகளை நோக்கிய ஆய்வாதலால் தாமதமே காரணம் என்று முழுமையாக நிறுவ முடியாது. ஆயினும் வைத்தியர்கள் தோற்றுப்போன முறையை இழுத்துக்கொண்டிருக்க அஞ்சுவதற்கு இது ஒரு காரணம்.

"மெசினில் போட்டால் திரும்பி வரமாட்டினம்" என்ற பேச்சு எம்மவரிடையே பலமாக உண்டு. குழாய் இட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவதில்லை என்பது உண்மை. மயக்க மருந்து, புதுத் தொற்று, தசை மெலிவு என அதற்கென்று தீமைகளும் உண்டு. முடிந்தவரை குழாய் இடாத முறைகளை முதலில் நாடுவது அதனாலேயே. ஆனால் மிகக் கடுமையான நோயுள்ளவர்களுக்கே குழாய் இடப்படுகின்றது. அவர்களின் இறப்புக்கு அந்த நோயே பெருங்காரணம். 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோன் இப்சன் என்ற வைத்தியர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் காற்றூதச் செய்தார். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக ஊதினர். அதுவரை இறந்துகொண்டிருந்த பலர் பிழைத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்தே தொடங்கின.

அன்றிரவு ஒரு மணிக்குச் சம்மதித்தோம். மாமியார் 9 நாட்கள் வென்ரிலேற்றரில் இருந்தார். வீடு வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. குரல் இன்னும் முன்போல் இல்லை, படியேற ஒருவர் கைபிடிக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் கதிரையில் இருந்து பூமாலை கட்டுகின்றார்.

5. குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. பிரித்தானிய வைத்தியசாலைகளின் எச்சரிக்கைப் புள்ளி அட்டவணையில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சுக்கு அதிகூடிய 3 புள்ளி. காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் முதியவர் இவ்வளவு வேகமாக மூச்சு விட்டால், வசனம் பேச முடியாமல் திணறினால், உதடு நீலமானால், புதிதாகக் குழப்பமாகப் பேசினால், காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

விரற்கவ்வியை மட்டும் நம்பவேண்டாம். குருதியின் ஒட்சிசனை ஒளியால் அளக்கும் இக்கருவியின் அடிப்படையை 1974இல் ஜப்பானியரான தக்குவோ அயோயாகி கண்டுபிடித்தார். கருமையான தோலில் இது உண்மையிலும் கூட்டிக் காட்டக்கூடும். 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 எனக் காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தோர், கறுப்பின நோயாளரில் 11.7 வீதம், வெள்ளையரில் 3.6 வீதம். எமது நிறத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஐயமிருந்தால், நாடியிலிருந்து எடுக்கும் குருதிப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

முகமூடியை நாமாகக் கழற்றக்கூடாது. "வாய் வரளுது, ஒரு சொட்டுத் தண்ணி தா மோனை" என்று பெற்றவர் கேட்கும்போது மனம் தாங்காது. ஆனால் சில நிமிடங்களிலேயே ஒட்சிசன் இறங்கிவிடலாம், தண்ணீர் புரையேறலாம். தாதியை அழையுங்கள். முகமூடி அளவு மாற்றலாம், ஹை புளோவுக்குச் சிறிது நேரம் மாற்றி வாயை நனைக்கலாம். பயந்திருப்பவருக்கு எம்மொழியில் இருவர் அருகிருந்து ஆறுதல் சொல்வதும் ஒரு சிகிச்சையே.

குப்புறப் படுக்கச் சொன்னால் உதவுங்கள். நுரையீரலின் முதுகுப் பக்கம் விரிய அது வழிசெய்யும். 2021இல் வெளிவந்த ஆறு நாடுகளின் ஆய்வில், ஹை புளோ பெற்ற கோவிட் நோயாளருள் விழிப்போடு குப்புறப் படுத்தோரில் 33 வீதத்தினருக்கும், மற்றையோரில் 40 வீதத்தினருக்கும் குழாய் தேவைப்பட்டது.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வைத்தியசாலை தொலைபேசியிலாவது ஒருவரை ஒழுங்கு செய்யும். பள்ளிப் பிள்ளையை வைத்து, "அப்பம்மா பிழைக்க மாட்டா என்று டொக்டர் சொல்லுகிறார்" என்பதை மொழிபெயர்க்க வைப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

நிலைமை மோசமாகின்றது, ஆனால் எவரும் கவனிக்கவில்லை எனத் தோன்றினால் வாய் திறவுங்கள். 2021இல் 13 வயதில் இறந்த மார்த்தா மில்ஸ் என்ற சிறுமியின் பெற்றோர் போராடியதன் பயனாக, 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் "மார்த்தா விதி" நடைமுறைக்கு வந்தது. இதன்படி குடும்பத்தாரே வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்து நோயாளியைப் பார்க்கச் செய்யலாம். வார்ட்டில் அதற்கான தொலைபேசி இலக்கத்தைக் கேளுங்கள்.

முன்கூட்டிப் பேசுங்கள். மிகவும் தளர்ந்த முதியவருக்குக் குழாய் பயன்தராது என வைத்தியர்கள் கருதினால், சீபாப் அல்லது ஹை புளோவே இறுதி எல்லையாக இருக்கும். இது கைவிடுவது ஆகாது. பெற்றோர் எதை விரும்புவர் என்பதை அவர் நலமாயிருக்கும்போதே, வீட்டில் தேநீர் குடிக்கும் வேளையில் கேட்டுவைப்பது நல்லது. நள்ளிரவில், பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று ஊகிப்பது கடினம். அதை அனுபவித்தவர்களாகச் சொல்லுகிறோம்.

65 வயது கடந்தோருக்கு இந்நாட்டில் நியூமோகொக்கல் தடுப்பூசியும், ஆண்டுதோறும் இன்புளுவென்சா தடுப்பூசியும் இலவசம். இவை எல்லா நியூமோனியாவையும் தடுக்கமாட்டா. எனினும் இந்த இயந்திரங்களின் பக்கம் போகாதிருக்க ஒரு நல்ல வழி.

6. நினைவிற் கொள்க

1. மூச்சுத் துணை நோயை மாற்றுவதில்லை, மாறும்வரை தாங்குகின்றது.
2. நியூமோனியாவில் சாதாரண ஒட்சிசன் போதாதபோது ஹை புளோ பொதுவாக முதற்படி. சிலருக்குச் சீபாப். காபனீரொட்சைட்டு ஏறினால் பைபாப்.
3. மூன்று நிரலையும் பாருங்கள்: குருதியில் எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு, மூச்சு எத்தனை.
4. முதல் சில மணித்தியாலங்களில் முன்னேற்றம் இல்லையேல் அடுத்த படிக்குப் போவதைத் தடுக்காதீர்கள்.

பயிற்சி: ஒருவருக்குக் குருதியில் ஒட்சிசன் 94, இயந்திரம் 50 வீதம், மூச்சு 24. இன்னொருவருக்குக் குருதியில் ஒட்சிசன் 94, இயந்திரம் 90 வீதம், மூச்சு 32. இருவரின் ரொக்ஸ் சுட்டெண் என்ன? யாரைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டும்? பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். வைத்தியசாலையில் எமக்காகப் பேசப்போகிறவர்கள் அவர்கள்தான்.

விடை: முதலாமவருக்கு 7.8, இரண்டாமவருக்கு 3.3. திரையில் இருவருக்கும் 94தான்.

எல்லோரும் நோயற்று நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.